ஒன்-ஆன்-ஒன் எய்ட்: சண்டை போட்டு வாங்கலாமா?

கேள்வி – 2024 செப்டம்பர் 8

மகனுக்கு ஆட்டிசம். நியூ ஜெர்சியில் இந்த வாரம்தான் கிண்டர்கார்ட்டன் சேர்ந்தான். ஜூனில் நடந்த ஐஇபி (அவனுக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், யார் எதற்கு வந்தார்கள் என்றே எங்களுக்குப் புரியவில்லை. அவனுக்கென்று தனியாக ஓர் உதவியாளர், அதாவது ஒன்-ஆன்-ஒன் எய்ட் கேட்டோம். வகுப்புக்குப் பொதுவாக ஒரு எய்ட் இருக்கிறார், அது போதும் என்றார்கள். எய்ட் என்பவர் ஆயா மாதிரிதானே? ஒரு ஆயா வைக்கக்கூடவா ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிடம் காசு இல்லை? வக்கீல் வைத்துச் சண்டை போட்டாவது வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 8, இரவு 10.40

ஆயா பேசுகிறேன்.

மத்திய ஜெர்சியில் ஒரு டிஸ்ட்ரிக்டில் ஆறாவது வருடமாக இந்த வேலை. இப்போது பாரா என்கிறார்கள், பாராபுரொஃபஷனல். எய்ட் என்பது பழைய பெயர். மணிக்கு 19 டாலர், வாரம் 29 மணி நேரம். 30 தொட்டால் இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் 29.

கேளுங்கள் அண்ணா, விடாதீர்கள். வக்கீல் வைத்தாலும் தப்பில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் இந்தப் பிள்ளைகள் வகுப்பில் நிற்கும். நான் கண்ணால் பார்த்தது.

செப்டம்பர் 9, காலை 6.10

பஸ் டியூட்டிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் இருக்கிறது. அந்த ஏழு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஜெர்சியில் இதற்குச் சைல்ட் ஸ்டடி டீம் என்று பெயர். அதில் மூன்று பேர்: ஸ்கூல் சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், அப்புறம் எல்.டி.டி.சி. என்று ஒருவர், கற்றலில் எங்கே தடுக்குகிறது என்று சோதித்துப் பார்ப்பவர். மூவரில் ஒருவர்தான் உங்கள் கேஸ் மேனேஜர். இனி எந்தச் சந்தேகத்துக்கும் மின்னஞ்சல் அவருக்குத்தான் போக வேண்டும், டீச்சருக்கு அல்ல. மற்றவர்கள் சாதாரண வகுப்பு டீச்சர், ஸ்பெஷல் எட் டீச்சர், ஸ்பீச் தெரபிஸ்ட், ஓ.டி. இதில் ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், கைவேலை, எழுத்து, பட்டன், ஸ்பூன் எல்லாம் அவர் பொறுப்பு. அதிகம் பேசாமல் ஒருவர் லேப்டாப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாரே? டிஸ்ட்ரிக்ட் சார்பில் 'சரி, தருகிறோம்' என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் ஒருவர் அறையில் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

கூட்டத்துக்கு யார் வர வேண்டும் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் பாரா இல்லை. நாளுக்குக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் பிள்ளையோடு இருப்பவளுக்கு நாற்காலி கிடையாது. ஐந்து வருடத்தில் நான் இரண்டே கூட்டத்துக்குப் போயிருக்கிறேன், அதில் ஒன்றில் ஜூஸ் எடுத்துக் கொடுக்கத்தான் கூப்பிட்டார்கள்.

இன்னொன்று: எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் 60 நாளில் முடித்தாக வேண்டும்.

செப்டம்பர் 9, இரவு

திருத்தம். காலையில் அவசரத்தில் 60 நாள் என்று எழுதிவிட்டேன். அது மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்காக மத்திய அரசு வைத்திருக்கும் ஐ.டி.இ.ஏ. சட்டத்தில் உள்ள கணக்கு, அதுவும் நீங்கள் சம்மதக் கையெழுத்து போட்ட நாளிலிருந்து மதிப்பீட்டை முடிக்க மட்டும். மாநிலம் தனிக் கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும். ஜெர்சியில், எழுதிக் கொடுத்ததும் 20 நாளுக்குள் ஒரு கூட்டம். நீங்கள் சம்மதித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மதிப்பீடு, தகுதி முடிவு, ஐஇபி, வகுப்பில் அமல் எல்லாமே ஆக வேண்டும். உங்களுக்கு ஐஇபி ஏற்கெனவே இருப்பதால் இது பொருந்தாது. இதைப் படிக்கும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

செப்டம்பர் 14

டிஸ்ட்ரிக்டிடம் காசு இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன்.

டிஸ்ட்ரிக்ட் என்றதும் ஊரில் இருக்கும் என் மாமனார், "மாவட்டம்தானே, கலெக்டரிடம் ஒரு மனு கொடுத்துப் பாரேன்" என்றார். இங்கே கலெக்டர் இல்லை மாமா என்று விளக்கிச் சொல்வதற்குள் வாட்ஸாப் கார்டே தீர்ந்துவிடும் போல ஆகிவிட்டது. (வாட்ஸாப்பில் ஏது கார்டு? எழுதிய பிறகுதான் உறைத்தது. பழைய காலிங் கார்டு ஞாபகம், விடுங்கள்.) ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது பெரும்பாலும் ஓர் ஊர், சில இடங்களில் இரண்டு மூன்று ஊர் சேர்ந்தது. ஜெர்சியில் மட்டும் 600-க்கு அருகில் இருக்கின்றன. பணத்தின் பெரும்பகுதி நாம் கட்டும் வீட்டு வரியிலிருந்தும் மாநிலத்திடமிருந்தும் வருகிறது.

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அதற்கு முன் 'இந்தப் பிள்ளைக்கு எங்களிடம் இடமில்லை' என்று பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. 1990-ல் அதற்கு ஐ.டி.இ.ஏ. என்று பெயர் மாறியது. இந்தப் பிள்ளைகளுக்கு ஆகும் கூடுதல் செலவுக்காக, நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை வாஷிங்டன் தரும் என்று 1975-லேயே சொன்னார்கள். சாதாரண வருடங்களில் அதில் பாதிகூட வந்ததில்லை. 2022-23 கணக்கில் நாடு முழுக்க 75 லட்சம் பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் கீழ் இருந்தார்கள், அரசுப் பள்ளி மாணவர்களில் 15 சதவீதம். சட்டம் அங்கே, செலவு இங்கே.

அதற்காகக் காசு இல்லை என்பதை அவர்கள் காரணமாகச் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டார்கள். "இப்போதைக்குத் தேவை தெரியவில்லை" என்பார்கள்.

செப்டம்பர் 29

'ஆயா' என்ற சொல்லுக்கு என் வீட்டுக்காரர் என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டார். எனக்குக் கோபம் இல்லை, திருச்சியில் என்னை வளர்த்ததே ஓர் ஆயாதான். ஆனாலும் கணக்குக்காகச் சொல்கிறேன். 2015-ல் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரர்களின் மனைவி அல்லது கணவராக, வந்தவர்களில் சிலருக்கு வேலை அனுமதி வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் தமிழ், தெலுங்குப் பெண்கள் நிறையப் பேர் இந்த வேலைக்கு வந்தோம். எம்.எஸ்சி. கணிதம் படித்தவள் நான். என்னோடு சேர்ந்தவர் பல் டாக்டர். டைட்டில் ஒன் (ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் நிதி) பணத்தில் நடக்கும் பள்ளியில் பாரா ஆக வேண்டுமென்றால் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும், இல்லையென்றால் பாராப்ரோ தேர்வு, 90 கேள்வி.

வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொடுத்தது எவ்வளவு என்று கேளுங்கள். முதல் நாள் ஒரு கிளிப்போர்டு, ஒரு டைமர், 'அவன் கடிப்பான், கையை இழுக்காதே, உள்ளே தள்ளு' என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

அக்டோபர் 31

ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாளில். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, "கங்கா ஸ்நானம் ஆச்சா" என்று அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டு, எட்டரைக்குச் சூனியக்காரித் தொப்பியோடு பள்ளியில் நின்றேன்.

பிள்ளைகள் வேஷம் போட்டு ஊர்வலம் போகும் நாளில் ஓர் ஐஇபி எப்படி அமலாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு முகமூடி ஆகாது, இன்னொன்றுக்குக் கைதட்டல் சத்தம் ஆகாது. ஓ.டி. நேற்றே காது மூடும் ஹெட்ஃபோன்களை எண்ணி வைத்துவிட்டார். பிசியோ, ஒரு பெண்ணின் வாக்கரில் அட்டைகளை ஒட்டித் தீயணைப்பு வண்டி ஆக்கியிருந்தார். ஊர்வலத்தில் அந்த வண்டிக்குத்தான் அதிகக் கைதட்டல், ஹெட்ஃபோன் போட்ட பையன்களும் தட்டினார்கள். இதெல்லாம் எந்தப் படிவத்திலும் வராது. இப்போது போய் மத்தாப்பு கொளுத்த வேண்டும், மழை வரும்போல் இருக்கிறது.

நவம்பர் 8

ஆசிரியர் மாநாட்டுக்காக இரண்டு நாள் லீவு. நீளமாக எழுத நேரம் இருக்கிறது.

தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஸ்பீச் தெரபிஸ்ட் வீட்டில் தமிழ் பேச வேண்டாம் என்கிறார், நிறுத்திவிடலாமா?" நிறுத்தாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். பிள்ளைகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆகவே அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

நான்கு வயதுப் பையன், தமிழ் வீடு. ஸ்பீச் தெரபிஸ்ட் ஒவ்வொரு பொருளாக நீட்டுவார். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு "ணாம்" என்பான். தாளில் 'பொருளற்ற ஒலி' என்று ஒரு கோடு விழும். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாரா குறுக்கே பேசக் கூடாது என்பது எழுதாத விதி. மூன்றாம் நாள் தாங்கவில்லை. "அவன் வேணாம் என்கிறான். எங்கள் மொழியில் அது முழு வாக்கியம்."

ஸ்பீச் தெரபிஸ்ட் பேனாவைக் கீழே வைத்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை என் முன்னால் வைத்து, "வேறு என்னென்ன சொல்கிறான்?" என்றார். 'ண்ணி' என்றால் தண்ணி. 'த்தா' என்று கையை நீட்டினால் தா. மேக் அண்ட் சீஸைத் தள்ளிவிட்டு 'ஊ ஊ' என்றது அடம் இல்லை, சூடாக இருக்கிறது, ஊதிக் கொடு என்று கேட்கிறான். அதுவரை தாளில் நான்கு சொல் இருந்தது, அன்று மதியம் பதினொன்று ஆனது. பையன் ஒரு சொல்கூடப் புதிதாகக் கற்கவில்லை, எண்ணியவர்கள்தான் கற்றுக்கொண்டோம்.

பிறகு தெரிந்தது, வேறொரு இடத்தில் யாரோ சொன்னதை நம்பி அந்தத் தாய் ஒன்றரை வருடமாகத் தமிழை நிறுத்தியிருந்தாள். கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் வந்திருந்த பாட்டி, பேரனிடம் பேசக் கூடாது என்பதால் வாய் மூடிச் சோறு ஊட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை, ஸ்பீச் தெரபிஸ்ட்கள் படிக்கும் பாடத்திலேயே இது உண்டு. பிள்ளைக்கு எந்த மொழி வருமோ அந்த மொழியில், முடிந்தவரை, மதிப்பீடு செய்ய வேண்டும் என்று ஐ.டி.இ.ஏ.-வும் சொல்கிறது. கூட்டத்தில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேட்கலாம், செலவு அவர்களுடையது. 'நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே' என்று நம் ஆட்கள் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். ஆபீஸ் இங்கிலீஷ் வேறு, பிள்ளையைப் பற்றி அழாமல் பேசும் இங்கிலீஷ் வேறு.

இதில் எனக்கு ஒரு சங்கடம். முன்னேற்றம் பற்றிப் பெற்றோரிடம் பாரா நேரடியாகப் பேசக் கூடாது, டீச்சர் அல்லது கேஸ் மேனேஜர் வழியாகத்தான். படேல் பிரதர்ஸ் இந்திய மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் எதிரே வந்துவிட்டாள். "எப்படி இருக்கான் அக்கா?" என்றாள். நான், "காய் முத்தலா இருக்கு, அந்தப் பெட்டியில பாருங்க" என்றேன். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் மனசு சரியில்லை.

நவம்பர் 9

நேற்று எழுதியதில் ஸ்பீச் தெரபிஸ்ட்டைத் தாக்குகிறேன் என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். இல்லை. என் டிஸ்ட்ரிக்டில் நான் பார்த்ததில் நல்லவர் அவர். பையனின் தாயைக் கூப்பிட்டுத் தமிழ்ச் சொல் பட்டியல் எழுதி வாங்கி, 'ழ' வராமல் 'பலம்' 'பலம்' என்று பழத்தைச் சொல்லிப் பழகியவரும் அவரே. இரண்டு பள்ளிகளுக்கு ஒரே ஆள், கார் டிக்கியில்தான் அவர் ஆபீஸ். ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் கதையும் அதேதான். 500 மாணவருக்கு ஒருவர் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை, நாடு முழுக்கப் பார்த்தால் ஒருவர் தலையில் ஆயிரத்துக்கும் மேல்.

டிசம்பர் 12

இப்போது செப்டம்பர் 8 அன்று நான் எழுதியதைப் பற்றி.

முதல் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் போன வருடத்திலிருந்தே என்னை ஒன்-ஆன்-ஒன்னாகப் போட்டிருக்கிறார்கள். விளையாட்டு நேரத்துக்கு வெளியே போக வேண்டுமென்றால் ஜாக்கெட், தொப்பி, கையுறை. நான் மண்டியிட்டு ஜிப்பை ஒரே இழுப்பில் கழுத்து வரை ஏற்றிவிடுவேன். வரிசையில் எங்கள் பையன்தான் முதல் ஆள். எனக்கு அதில் ஒரு பெருமை.

ஓ.டி. ஒருநாள் கதவருகே நின்று பார்த்தார். அடுத்த நாள் ஒரு சாவி வளையத்தோடு வந்து ஜிப்பின் இழுவையில் மாட்டினார். "கீழிருந்து எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். மேலே கடைசி ஓர் அங்குலத்தில் கையை எடுத்துவிடுங்கள்" என்றார். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது அவர்களுடைய வழக்கமான முறை, முடிக்கும் சந்தோஷம் பிள்ளைக்கே கிடைக்கும் என்று கணக்கு. முதல் நாள் அவன் வளையத்தைத் தொடவே இல்லை. என் கையைப் பிடித்து ஜிப்பின் மேல் வைத்தான். அவனைப் பொறுத்தவரை என் கைதான் ஜிப். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். வகுப்பு முழுக்க வெளியே போய்விட்டது. டியூட்டி டீச்சர் இரண்டு முறை எட்டிப் பார்த்து முறைத்தார். நான்கு நிமிடம். விரலை வளையத்துக்குள் விட்டான், இழுத்தான், ஓர் அங்குலம். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, நேராக வெளியே ஓடிவிட்டான்.

அடியில் ஜிப்பின் ஒரு முனையை மறுமுனைக்குள் செருகுவது வரை முழுதாக வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் வரிசையில் நாங்கள்தான் கடைசி. ஆனால் கடைசியில் நின்றதால் வேறொன்று நடந்தது. ஷூ லேஸ் கட்டத் தெரியாத இன்னொரு பையனும் எப்போதும் கடைசி. இருவரும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். நான் இருபதடி பின்னால்.

போன வருடம் முழுக்க இவனிடம் ஒரு பிள்ளையும் வந்து பேசியதில்லை. வெட்கமில்லாத பிள்ளை கூட என்னைப் பார்த்து, "அவனுக்கு விளையாட வருமா?" என்று என்னிடம்தான் கேட்கும். நடுவில் சுவர் மாதிரி நின்றவள் நான்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜியான்கிரெக்கோவும் உடன் ஆய்வாளர்களும் 1997-லேயே எழுதியிருக்கிறார்கள்: பெரியவர் ஒருவர் ஓயாமல் ஒட்டி உட்கார்ந்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரிகிறது, எல்லாவற்றுக்கும் அவரையே சார்கிறது, வகுப்பு டீச்சரும் 'அவன் பாராவின் பையன்' என்று கைகழுவிவிடுகிறார். 25 வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு சாவி வளையம் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே அண்ணா, வக்கீல் வையுங்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 'ஒன்-ஆன்-ஒன் எய்ட் வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்த நேரத்துக்கு, எதற்காக, எதைப் பார்த்து எப்போது குறைப்பீர்கள் என்று கேளுங்கள், அதை ஐஇபியிலேயே எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தேவைப்படலாம். ஜிம் (உடற்பயிற்சி) வகுப்புக்கு மட்டும் தேவைப்படலாம்.

டிசம்பர் 12, மறுபடி

அனுப்பிய பிறகு பயமாக இருக்கிறது. இதைக் காட்டி யாராவது ஒருவரின் எய்ட்டைப் பறித்துவிடக் கூடாது. வலிப்பு வரும் பிள்ளை, கதவு திறந்தால் ரோட்டுக்கு ஓடும் பிள்ளை, இவர்களுக்கு நிமிடம் தவறாமல் ஆள் வேண்டும், அதில் பேச்சே இல்லை. அயோவாவில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் வென்டிலேட்டரோடு பள்ளிக்கு வந்த மாணவனுக்கு, நாள் முழுக்கப் பக்கத்திலிருந்து கவனிக்கும் செலவு டிஸ்ட்ரிக்டுடையதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் 7-2 என்று தீர்ப்பளித்தது. டாக்டர் செய்ய வேண்டியதென்றால் பள்ளிக்குப் பொறுப்பில்லை, நர்ஸ் செய்யக்கூடியதென்றால் பொறுப்பு உண்டு. செலவு அதிகம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

2025 ஜனவரி 22

காய்ச்சல், நான்கு நாள் லீவு. எனக்குப் பதிலாக யாரும் வரவில்லை என்று இன்று தெரிந்தது. நான் இல்லாத நாட்களில், பிள்ளை என்ன செய்தான் என்று நான் குறிக்கும் தாளில் கோடு இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்குத் தகவல் போனதா என்று கேட்டேன், பதில் இல்லை.

பெற்றோர் செய்யக்கூடியது: ஐஇபியில் சேவைப் பக்கத்தைப் பாருங்கள். 'வாரம் 2 முறை, 30 நிமிடம்' என்பதோடு 'தனியாக' என்றா 'குழுவில்' என்றா இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து பேர் குழுவில் 30 நிமிடம் என்றால் உங்கள் பிள்ளையின் பங்கு ஆறு நிமிடம். மாதம் ஒருமுறை, எத்தனை முறை நடந்தது, தவறியதை எப்போது ஈடுகட்டுவீர்கள் என்று கேஸ் மேனேஜருக்கு இரண்டு வரி அனுப்புங்கள். காரமில்லாமல், இரண்டே வரி.

பஸ் எய்ட்டை மறந்தே போனேன். காலையில் பிள்ளையின் முகத்தை முதலில் பார்ப்பவர் அவர். "இன்று தூங்கவில்லை போல" என்று இறங்கும்போது அவர் சொல்லும் ஒரு வார்த்தையை வைத்துத்தான் என் முதல் மணி நேரமே ஓடும். உங்களால் முடிந்தால் அவருக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் கொடுங்கள். எனக்கும் கொடுக்கலாம். விதிப்படி வாங்கக் கூடாது, வாங்குவேன்.

மார்ச் 15

கேள்வி கேட்ட அண்ணா ஆறு மாதம் கழித்து வந்திருக்கிறார். வக்கீல் வைக்கவில்லையாம். மறுபடி கூட்டம் கேட்டு, மதியச் சாப்பாட்டுக்கும் விளையாட்டு நேரத்துக்கும் மட்டும் ஓர் ஆள் என்று எழுதி வாங்கியிருக்கிறார். ஆயா என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அது எதற்கு, விடுங்கள்.

செமி படிவம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் தரும் தெரபிக்கு மெடிக்கெய்டிலிருந்து (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) டிஸ்ட்ரிக்ட் பணம் கோருவதற்கான சம்மதம் அது. கையெழுத்து போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். மறுத்தாலும் பிள்ளைக்கு ஒரு நிமிடச் சேவைகூடக் குறைக்கக் கூடாது.

அப்புறம், அடுத்த குளிருக்கு ஜாக்கெட் வாங்கும்போது பல் பெரிதாக உள்ள பிளாஸ்டிக் ஜிப்பாகப் பாருங்கள். மெல்லிய இரும்பு ஜிப் துணியில் சிக்கும். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் அடியில் செருகும்போது குனிந்து பார்க்க வசதி. சாவி வளையம் டாலர் கடையில் கிடைக்கும்.